யாரையும் கீழே போடாமல்

ஸ்வொன்கோவின் வலது முழங்கால் அவரைக் கைவிட்டது அக்டோபர் மாதத்தில், ஒரு கசாப்புக் கடைக்காரரின் அடக்கத்தின்போது. மனிதர் நூற்றிருபது கிலோ. அதற்குத் தகுந்த ஓக் மரப் பெட்டி. முந்தின நாள் முழுக்க மழை பெய்து, குழியைச் சுற்றி மண் களியாகக் கிடந்தது. ஆறு பேர் தோளில் தூக்கிக்கொண்டு கல்லறை வரிசைகளுக்கு நடுவே கடைசிப் பத்தடி நடக்கையில் அவருடைய கால் ஈரத்துணி மாதிரி மடங்கியது. ஒரு நொடிதான். பெட்டியின் கால்மாடு சாய்ந்தது. மூடிமேல் இருந்த மலர்வளையம் வழுக்கிச் சேற்றில் விழுந்தது. அவருக்குப் பின்னால் பெட்டியைத் தாங்கி வந்த மாட்டோ பல்லைக் கடித்துக்கொண்டு தோளைக் கொடுத்து நிமிர்த்திவிட்டார்.

யாரும் விழவில்லை. எதுவும் உடையவில்லை. ஆனால் அந்த நொடியில் கடைக்காரரின் மனைவியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை அழுகை என்று சொல்ல முடியாது. சூடான அடுப்பில் தெரியாமல் கை பட்டுவிட்டால் வருமே, அப்படி. அந்தச் சத்தம் ஸ்வொன்கோவோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

திராவா ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சிறு நகரத்தில் அவர் முப்பத்தோரு வருடமாகப் பெட்டி சுமக்கிறார். கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, வெள்ளைக் கையுறை. வாரத்துக்கு ஐந்தாறு அடக்கம். பனிக்காலத்தில் பத்துகூட வரும். ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு வலி என்று தனியாக ஒன்று இல்லை. இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம், முழங்கால் ஒரு பக்கம் என்று உடம்பு தன்பாட்டுக்குப் புலம்பிக்கொண்டிருக்கும். அவர் கேட்டும் கேட்காத மாதிரி இருப்பார். காலையில் எழும்போதே, ஒரு நாள் வேலை முடிந்துவிட்ட அலுப்பு இருக்கும்.

குழுவின் தலைவர் மாட்டோ. இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஜனவரியில் ஒரு நாள், கையுறையைக் கழற்றிக்கொண்டே மாட்டோ பேச்சை எடுத்தார்.

"ஸ்வொன்கோ, கோவிச்சுக்காத. வசந்தம் வந்தா புல் வெட்டற வண்டிக்கு ஆள் வேணுமாம். நீ உக்காந்தே பாக்கற வேலை. பென்ஷன் வரைக்கும் ஓட்டிடலாம்."

"புல்லா?"

"புல்லுதான். புல்லுக்கு என்ன குறைச்சல்? சாஞ்சா யாரும் கத்த மாட்டாங்க."

மாட்டோ வேடிக்கையாகத்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் அவருக்கே முகம் சுருங்கிவிட்டது. ஸ்வொன்கோ தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு நடந்தார்.

எலும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். தேய்மானம்தான், அறுக்கவேண்டிய அளவுக்கு இல்லை, தொடையிலும் இடுப்பிலும் பலம் கூடினால் முழங்காலுக்குப் பாரம் குறையும் என்றார். அதற்கு ஒரு நல்ல கோச்சிடம் போகச் சொன்னார். ஸ்வொன்கோ அந்தச் சீட்டை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்து மறந்துபோனார். கோட்டைத் துவைக்க எடுத்த அவர் மனைவி ரூஷிட்சா அதைப் பிரித்துப் படித்தாள். அன்றே போன் போட்டு, செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு நேரம் வாங்கிவிட்டாள்.

"நான் என்ன கல்யாணத்துக்கா தயாராகறேன்? ஜிம்முக்கெல்லாம் போக மாட்டேன்" என்றார் ஸ்வொன்கோ.

"போகாத. ராத்திரி படுக்கையில புரண்டு படுக்கறப்ப 'ஆ, ஊ'ங்கறியே, அதையாவது நிறுத்து. இந்த வீட்டுல நானும் தூங்கணும் மனுஷா."

அதற்குமேல் வழக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு அடக்கம் முடித்து, வீட்டுக்கு வந்து, பழைய கால்சட்டை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பழைய செருப்புத் தொழிற்சாலையின் கீழ்த்தளத்தில் இருந்தது அந்த இடம். வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே இருந்து இரும்பு விழும் ஓசையும் பாட்டும் வந்தன. மனதில் அவர் ஒரு படம் வைத்திருந்தார்: கழுத்தில் விசில் போட்ட தடியன் ஒருவன், 'இன்னும், இன்னும்' என்று காதுக்குள் கத்துவான், தான் கண் இருட்டிக் கீழே விழுவோம், சுற்றி நிற்கும் பொடியன்கள் சிரிப்பார்கள். விழுந்தால் வெளியே தூக்கிவரவும் ஆள் இருக்காது, தூக்குகிறவனே நான்தானே என்று நினைத்துக்கொண்டார். சிரிப்பு வரவில்லை.

கதவைத் திறந்தது ஒரு பெண். இருபத்தாறு வயது இருக்கும். குட்டை முடி, குளிரில் சிவந்த மூக்கு, கையில் காப்பிக் கோப்பை.

"வாங்க ஐயா. நான் திஹானா. நான்தான் உங்க கோச்."

"ஐயான்னு கூப்பிடாதம்மா. பக்கத்துல பாதிரியார் நிக்கற மாதிரி இருக்கு. நாள் பூரா அவரோடதான் நிக்கறேன்."

"சரி, அப்போ மாமா. உள்ள வாங்க மாமா, கதவைச் சாத்துங்க, குளிருது."

இரும்புப் பக்கமே கூட்டிப்போகாமல், மூலையில் இருந்த சிறிய மேசையில் உட்கார வைத்தாள். ஒரு படிவத்தை எடுத்தாள். என்னென்ன மாத்திரை, எப்போதாவது நெஞ்சு வலி உண்டா, ஆபரேஷன் ஏதும் நடந்ததா, புகை பிடிப்பதுண்டா, ரக்கியாச் சாராயம் குடிப்பதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ரக்கியா வேலையில் ஒரு பகுதி என்றார் ஸ்வொன்கோ. அடக்கம் முடிந்ததும் குடும்பத்தார் ஒரு சின்னக் கோப்பை நீட்டினால் மறுக்க முடியாது. திஹானா தலையை ஆட்டி எழுதிக்கொண்டாள். கைக்குப் பட்டை கட்டி இரத்த அழுத்தம் பார்த்தாள். கொஞ்சம் கூட, ஆனால் பயமில்லை என்றாள்.

"எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?"

"படுக்கறது ஏழு மணி நேரம்."

"நான் தூக்கத்தைக் கேட்டேன்."

"அது ஒரு நாலு இருக்கும்."

"உடம்பு லேசா இருக்குன்னு கடைசியா எப்போ தோணுச்சு மாமா?"

இந்த மாதிரிக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தெருவிளக்கின் கீழே ஒரு நாய் எதையோ முகர்ந்துகொண்டிருந்தது.

"பட்டாளத்துலேர்ந்து திரும்பி வந்தேனே, அந்த வாரம்" என்றார் கடைசியில். "எண்பத்தாறுன்னு நினைக்கிறேன். எழுதிக்கோ."

அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

"இப்போ முக்கியமானது. எதுக்காக வந்திருக்கீங்க? எடை குறைக்கணும், வலி போகணும், எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் எனக்குக் கணக்கு."

மருத்துவரின் சீட்டை நீட்டிவிட்டு விட்டுவிடலாம் என்றுதான் வந்திருந்தார். நாள் முழுக்க நின்ற அலுப்போ, அறையின் சூடோ, வாய் தானாகத் திறந்துகொண்டது. கசாப்புக் கடைக்காரரைப் பற்றிச் சொன்னார். மழை, சேறு, மலர்வளையம். அந்தச் சத்தத்தைப் பற்றி ரூஷிட்சாவிடம்கூடச் சொன்னதில்லை. இந்தப் பெண்ணிடம் சொன்னார்.

"எனக்குக் கட்டான உடம்பெல்லாம் வேண்டாம்மா. யாரையும் கீழ போடக் கூடாது. இன்னும் ரெண்டு வருஷம். அவ்ளோதான்."

திஹானா பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து, "வாங்க, நீங்க எப்படி நிக்கறீங்கன்னு பாப்போம்" என்றாள்.

அடுத்த அரைமணி நேரம் அவருக்கு ஏமாற்றமாகவே இருந்தது. சுவரோரம் நிற்கச் சொன்னாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். இடது காலில் இருபது எண்ணும்வரை நின்றார், வலது காலில் நாலு எண்ணுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டார். தாழ்வான பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழச் சொன்னாள். அதை ஐந்து முறை. எழும்போது அவர் முழங்கால் உள்ளே சாய்வதை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"பாத்தீங்களா, எல்லாப் பாரத்தையும் இடுப்பு கீழ தள்ளிவிட்டுடுது. முட்டி பாவம், தனியா நின்னு வாங்கிக்குது. இடுப்பு முதல்ல பின்னால போகட்டும். கையில ரெண்டு பை இருக்கு, கார் கதவை எப்படிச் சாத்துவீங்க?"

"பின்பக்கத்தால இடிச்சு."

"அதேதான். அதைச் செய்ங்க."

கறுப்புக் கோட்டு போட்டு ஊரையே வழியனுப்பும் மனிதர், கண்ணாடி முன்னால் நின்று, இல்லாத கார் கதவைப் பின்பக்கத்தால் சாத்திக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பளு தூக்கிக்கொண்டிருந்த ஒரு வாலிபன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான். சிரிக்கக்கூட இல்லை. அதுவே ஸ்வொன்கோவுக்கு என்னவோ போல இருந்தது.

"இதுக்குத்தானா வந்தேன்? வேர்க்கவே இல்லையே" என்றார்.

"முதல் நாள் உங்கள வேர்க்க வைக்கறது என் வேலை இல்ல மாமா. உங்கள அடிச்சுப் போடறதுக்கு யார் வேணாலும் போதும். எங்க பலம் இருக்கு, எங்க இல்லன்னு பாக்கறேன். இப்போ ஒண்ணு தூக்குங்க."

கைப்பிடி வைத்த இரும்புக் குண்டுகள் இரண்டைக் காட்டினாள். ஒவ்வொன்றும் இருபது கிலோ. கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு அறையின் கடைசிவரை போய்த் திரும்பி வரவேண்டும்.

ஸ்வொன்கோ குனிந்தார்; இடுப்பைப் பின்னால் தள்ளி, அவள் சொன்னபடியே. எழுந்தார். நடக்க ஆரம்பித்தார்.

அது அவருக்குத் தெரிந்த நடை. அவசரம் இல்லாமல், கால் தரையை உரசாமல், தோள் இரண்டும் நீர்மட்டம் பிடித்த மாதிரி. குண்டுகள் கொஞ்சமும் ஆடவில்லை. போனார், திரும்பினார், வந்தார், மறுபடி போனார். பளு தூக்கிய வாலிபன் இப்போது கையிலிருந்ததை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தான். நாலாவது சுற்றில் திஹானா போதும் என்று கையைக் காட்டும்வரை அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"எப்பா" என்றாள் அவள். "இங்க வர்ற பயலுக எல்லாம் வாத்து மாதிரி ஆடுவானுங்க. உங்களுக்கு இத நான் சொல்லித் தர்றதுக்கு ஒண்ணுமில்ல."

"தோள் மேல பெட்டியில இருக்கறவங்க தூக்கம் கலையக் கூடாதுல்ல" என்றார் ஸ்வொன்கோ. நெடுநாளைக்குப் பிறகு அவருக்கு நெஞ்சு கொஞ்சம் விரிந்த மாதிரி இருந்தது.

அந்த விரிந்த நெஞ்சுதான் வினையாகிப்போனது. திஹானா கடைசியாகப் பெஞ்சில் உட்கார்ந்து எழுவதை ஐந்தைந்தாக இரண்டு தடவை செய்ய வைத்தாள். வீட்டிலும் தினம் அவ்வளவுதான், மூச்சு விட மறக்காதீர்கள், தண்ணீர் குடியுங்கள், நாளைக்குத் தொடை கொஞ்சம் பிடிக்கும், பயப்படாதீர்கள் என்றாள். அதற்குள் அவளுக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே வாசல் பக்கம் போனாள். ஸ்வொன்கோ பெஞ்சைப் பார்த்தார். ஐந்து என்பது சின்னப் பிள்ளைக் கணக்கு. பெஞ்சைக் காலால் ஒதுக்கிவிட்டு, தரை தொடுகிற மாதிரி ஆழமாக உட்கார்ந்து எழுந்தார். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்று. அவள் திரும்பி வருவதற்குள் முப்பது ஆகியிருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவர் மாதிரி கோட்டை மாட்டிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை வருவீங்கள்ல மாமா?"

"பாக்கறேன். சாவுறவங்களைப் பொறுத்தது."

அன்று இரவு அவர் பீன்ஸ் குழம்பு இரண்டு தட்டு சாப்பிட்டார். குலென் இறைச்சியும் நாலு துண்டு வெட்டிக்கொண்டார். "எப்படி இருந்துச்சு?" என்றாள் ரூஷிட்சா. "புல் வண்டிய மாட்டோவே ஓட்டட்டும்" என்றார்.

புதன்கிழமை தொடை கனத்தது. அன்று அடக்கம் இல்லாததால் சமாளித்தார். வியாழக்கிழமை காலையில்தான் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்ததும், தொடை இரண்டிலும் யாரோ இறுகக் கயிறு திரித்த மாதிரி இருந்தது. கழிப்பறையில் உட்காரும்போது கதவுப் பிடியைப் பிடித்துத் தொங்கினார். அவர்கள் வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. முதல் படியில் காலை வைத்தவருக்கு அடுத்த படிக்கு இறங்க முடியவில்லை. திரும்பி நின்று, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏணியில் இறங்குகிற மாதிரி பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினார். ரூஷிட்சா மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு உன்ன இப்படியா ஆக்கிவிட்டா? நான் போன் போட்டுக் கேக்கறேன்."

"அவ ஒண்ணும் செய்யல. நானாத்தான்."

"நீயா என்ன செஞ்ச?"

"உள்ள போ. காத்து வருது."

பன்னிரண்டு மணிக்கு அடக்கம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருத்தி. எண்பத்தொன்பது வயது, நோயில் ஒடுங்கிப்போனவள். பைன் மரப் பெட்டி. தூக்கிப் பார்த்த ஒருவன், "காத்துதான் இருக்கு உள்ள" என்று முணுமுணுத்தான். பிணவறை முற்றத்தில் ஆறு பேரும் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஜனவரி வெயிலில் கண் கூசியது. மண் உறைந்து கல்லாக இருந்தது. வழுக்கல் இல்லை. பாரம் இல்லை. இதைவிடச் சுலபமான நாள் கிடைக்காது. ஆசிரியையின் தங்கை, அவளும் கிழவிதான், யாரோ ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றாள்.

ஸ்வொன்கோ தன் வழக்கமான இடத்துக்குப் போனார். முற்றத்திலிருந்து உள்ளே ஏற ஒரே ஒரு படி. அந்தப் படியில் ஏறியபோது தொடை நடுங்கியது. குளிர்ந்த தண்ணீரில் நின்றவனுக்கு நடுங்குகிற மாதிரி, நிறுத்த நினைத்தாலும் நிற்காமல்.

பல்லைக் கடித்தால் முடிந்துவிடும். அறுபதடி தூரம், காற்று மாதிரி ஒரு கிழவி. முப்பத்தோரு வருடத்தில் காய்ச்சலோடு தூக்கியிருக்கிறார், விலா எலும்பில் விரிசலோடு தூக்கியிருக்கிறார், சொந்த அண்ணனையே தூக்கியிருக்கிறார். ஒரு நாளும் இடத்தை விட்டதில்லை. மாட்டோ குனியச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். மற்ற ஐந்து பேரும் குனிந்தார்கள். ஸ்வொன்கோ குனியவில்லை.

"மாட்டோ" என்றார் மெதுவாக. "இன்னைக்கு என்னால முடியாது."

மாட்டோ நிமிர்ந்தார். "என்ன முடியாது?"

"கால் நடுங்குது. அந்த ஜிம்முல நானாப் போய் அதிகமா செஞ்சுட்டேன். தூக்கினா போட்டுடுவேன்."

ஒருவன் களுக்கென்று சிரித்தான். மாட்டோ அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஸ்வொன்கோவையும், அவருடைய காலையும், கதவருகே நின்ற கிழவியையும் பார்த்தார்.

"இத நேத்தே சொல்லியிருக்கக் கூடாதாடா கழுதை?" என்றார் பல்லுக்குள்ளேயே. "போ. போய்ச் சிலுவைய எடுத்துக்கோ. சிலுவையோட நிக்கற பையனை உன் இடத்துக்கு அனுப்பு."

சிலுவை தூக்குவது புதிதாகச் சேர்ந்தவர்களின் வேலை. ஊர்வலத்துக்கு முன்னால், எல்லோருக்கும் முதல் ஆளாக, பெயர் எழுதிய மரச்சிலுவையைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும். கல்லறை வாசலில் நின்ற பூக்காரி, "என்ன ஸ்வொன்கோ, பதவி இறங்கிட்டியா?" என்று வாயசைத்துக் கேட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது இரண்டும் எரிந்தன.

நடக்க ஆரம்பித்தார். பத்தடி போனதும்தான் தெரிந்தது, எதிரே யாருடைய பிடரியும் இல்லை. இத்தனை வருடமும் முன்னால் போகிறவனின் பிடரியைப் பார்த்தே நடந்து பழகியவர். இப்போது வெறும் பாதை. இருபுறமும் உறைபனி பூத்த கல்லறைகள். கையில் ஒரு பெயரும், பிறந்த வருடமும், இறந்த வருடமும். அவருடைய தொடை அனுமதித்த வேகத்தில்தான் அவரால் போகமுடிந்தது. பின்னால் வந்த எல்லோரும், பாதிரியாரும் பெட்டியும் அந்தத் தங்கைக் கிழவியும், அந்த வேகத்துக்கே வந்தார்கள். குழியருகே நின்று, கயிறுகள் சரசரவென்று இறங்குவதைக் கேட்டுக்கொண்டே சிலுவையை நிமிர்த்திப் பிடித்திருந்தார். பெட்டி சத்தமில்லாமல் அடியில் உட்கார்ந்தது. பெருமூச்சு விட்டார். உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும் என்று இருந்தது.

முடிந்ததும் தங்கைக் கிழவி ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்தாள். ஸ்வொன்கோவிடம் வந்தபோது, "மெதுவாப் போனதுக்கு நன்றிப்பா" என்றாள். "சாதாரணமா எல்லாரும் ஓடறாங்க. என்னால கூட வர முடியறதே இல்ல."

ஸ்வொன்கோ தொப்பியைத் தொட்டார்.

வெள்ளிக்கிழமை போகாமல் இருந்துவிடலாம் என்று இரண்டு தடவை நினைத்தார். ஆனால் போனார். திஹானா அவர் படியிறங்கி வந்த அழகைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"நான் கொடுத்தது பத்து. பத்துக்கு இப்படி ஆகாது. என்ன செஞ்சீங்க?"

"முப்பது. தரை வரைக்கும்."

"எப்போ?"

"நீ போன் பேசினப்ப."

அவள் படிவத்தை எடுத்து, எதையோ நீளமாக எழுதினாள்.

"என்ன எழுதற?"

"இந்த ஆளு பொய் சொல்லுவாரு, கண்ணை எடுக்கக் கூடாதுன்னு."

"இன்னொண்ணும் எழுதிக்கோ. நேத்து நான் தூக்கல. முடியாதுன்னு சொல்லிட்டேன்."

பேனா நின்றது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பாராட்டுவாளோ என்று பயந்தார். அதைத் தாங்கும் நிலையில் அவர் இல்லை. அவள் பாராட்டவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இன்னைக்கு ஒண்ணும் தூக்க வேண்டாம். உக்காருங்க, காலை நீட்டி மடக்கலாம்" என்றாள்.

கோடைவரை வாரம் இரண்டு நாள் போனார். முழங்கால் புதிதாகிவிடவில்லை. அதுவரை சிலுவை தூக்கியவரை மே மாதத்தில் மாட்டோ திரும்பவும் பெட்டிக்குச் சேர்த்துக்கொண்டார்; கால்மாட்டில் இல்லை, நடுவில், பாரம் குறைந்த இடத்தில். கனமான ஆள் என்று தெரிந்தால் ஸ்வொன்கோவே முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் சிலுவையை எடுத்துக்கொள்வார். முதலில் சிரித்தவர்கள் பிறகு சிரிக்கவில்லை, அடுத்த இலையுதிர்காலத்தில் மாட்டோவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பொண்ணோட நம்பர் இருக்கா?" என்று கேட்டார்.

அலுப்பு மட்டும் அப்படியேதான் இருந்தது. தூக்கம் நாலிலிருந்து ஐந்து மணி நேரமானது. ரூஷிட்சா அதையும் ஒரு முன்னேற்றம் என்றாள்.